தாய்மாமன் வரும் ரயில்

ரயில் வந்து நின்றுவிட்டது. இறங்குகிறவர்களில் ஒருவர் அழகரத்தினத்தின் மகளுடைய கல்யாணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார். அவர் யார் என்பதுதான் அழகரத்தினத்துக்குத் தெரியாது.

மட்டக்களப்பு ஸ்டேஷன் மேடையில், வேப்பமரத்தடி வாங்கில் அவர் முதுகை நிமிர்த்தினார். அது அவருடைய வாங்கு. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த நாளிலிருந்து, கொழும்பு ரயில் வரும் காலையெல்லாம் அதில்தான் உட்கார்ந்திருப்பார். யாரையும் கூட்டிப் போக அல்ல. யாரையும் வழியனுப்பவும் அல்ல. பார்ப்பதற்கு.

பார்ப்பதில் இருக்கிற சுகம் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். கொழும்புக்குக் கொண்டுபோன தலையணையைத் திருப்பிக் கொண்டு வருகிறவனுக்கு வேலை கிடைக்கவில்லை. தலையணை இல்லாமல் வருகிறவனுக்குக் கிடைத்துவிட்டது, லீவில் வருகிறான். புருஷனும் பெண்சாதியும் ஒட்டி நடந்தால் புதுக் கல்யாணம். புருஷன் முன்னே போனால் வெளியூர். பெண்சாதி முன்னே போனால் வீடு அவளுடையது. மட்டக்களப்பில் வீடு எப்போதுமே அவளுடையதுதான் என்பதால், இங்கே இறங்குகிற பெண்கள் பெரும்பாலும் முன்னேதான் போனார்கள்.

இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அழகரத்தினம் வெளியே சொல்வார்.

களுதாவளையிலிருந்து சம்பந்தம் பேச வந்த பெரியவர் வெற்றிலையில் கை வைப்பதற்குள், "உங்களுக்குக் கோட்டில வழக்கொண்டு இரிக்கு. தோக்கப் போறீங்க," என்றார். கிரானிலிருந்து வந்த அம்மாளிடம், "உங்களுக்கும் மூத்த மருமகனுக்கும் பேச்சில்லை, என்ன?" என்று கேட்டார். இரண்டுமே உண்மை. அதனால்தான் இரண்டு சம்பந்தமும் அந்த வெற்றிலையோடு நின்றுபோயின.

இப்போது பழுகாமத்துப் பையன். பள்ளிக்கூட வாத்தியார், நல்ல குடி, நல்ல குணம். பேச்சுவார்த்தையெல்லாம் மனைவி கண்ணகைதான் பார்த்தாள். அந்த நேரங்களில் அழகரத்தினம் ஸ்டேஷனில் இருந்தார். இதுவும் தவறினால் மகள் நேசம்மாவுக்கு இனி எந்த வீட்டு வாசலிலும் போய் மாப்பிள்ளை கேட்க முடியாது.

ஸ்டேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே அகப்பையை ஓங்குகிற கண்ணகை, அன்று காலை தானே குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பொடியன்ட தாய்மாமன் கொழும்பால வாறாராம். ஆரெண்டு சொல்லாம, எங்களைப் பத்தி விசாரிக்க."

தாய்மாமன் என்றதும் அழகரத்தினத்தின் கை மீசைக்குப் போனது. இந்தப் பக்கத்தில் பிள்ளை தாயின் குடி. அந்தக் குடிக்காக வாய் திறக்கிறவன் தாயோடு கூடப் பிறந்தவன். அவன் தலையாட்டாமல் கல்யாணப் பந்தலுக்குக் குழி தோண்டமாட்டார்கள்.

"ஆள் எப்பிடி இருப்பார்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களை அனுப்புறன். இந்த ஊருக்குள்ள இப்பிடி ஒரு கண் வேற ஆருக்கு இரிக்கு?"

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கண்டா நல்லாக் கதைங்க. ஆனா வீட்டுக்கு மட்டும் கூட்டி வந்திராதீங்க. விசாரிக்க வந்த ஆளுக்குச் சோறு போட்டா, வாயை அடைக்கப் பாக்கிறம் எண்டு நினைச்சிருவார். பின்னேரக் கோச்சியில அவர் திரும்பி ஏறுமட்டும் அவடத்திலயே நில்லுங்க."

நியாயமாகத்தான் பட்டது.

ஆகவே, இப்போது அவர் பார்த்தார். ஒரு சாமியார். ஒரு கோழிக்கூடை. கோழிக்கூடைக்குச் சொந்தக்காரி, முன்னே நடந்தாள். காத்தான்குடிப் புடவை வியாபாரிகள் இருவர், தலையில் பொதி, வாயில் சண்டை. எல்லோரையும் கண்ணாலேயே ஒதுக்கித் தள்ளினார்.

கடைசியாக இரண்டாம் வகுப்பிலிருந்து அவர் இறங்கினார்.

வேட்டிக்கு மேல் கோட்டு. கறுப்புக் குடை. அவசரமில்லாத நடை. மனிதர்கள் யாரையும் அவர் பார்க்கவில்லை. மழைநீர் வடியும் கூரைப் பீலியைப் பார்த்தார். வடிகானைக் குனிந்து பார்த்தார். ஸ்டேஷன் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் எட்டியே பார்த்துவிட்டார்.

'ஊரின் வசதி பார்க்கிறார்,' என்று அழகரத்தினம் தீர்மானித்தார். 'ஆள் இவர்தான்.'

எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஊருக்குப் புதுசுபோல?"

"ஓம்."

"ஆரையும் விசாரிக்கணுமா?"

"ஆக்களையில்லை, வீடுகளை. கோட்டைமுனைப் பக்கம் போகவேணும். தெரியுமோ?"

அழகரத்தினத்தின் வீடு கோட்டைமுனையில்தான் இருந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"நல்லாத் தெரியும். அங்க அழகரத்தினம் எண்டு ஒருத்தர் இரிக்கார். பாக்கிறதெண்டா அவர்ர வீட்டைத்தான் பாக்கணும்."

"அப்பிடியோ. கிணறு இருக்கோ?"

"எந்தக் கோடையிலயும் வத்தாது."

"மூடியிருக்கோ?"

"மூடி வைக்க அவர் என்ன கஞ்சனா? திறந்தபடிதான் கிடக்கும்."

கோட்டுக்காரரின் புருவம் உயர்ந்தது. அழகரத்தினத்துக்கு உற்சாகம் பிறந்தது.

"மழைத்தண்ணி பிடிக்கிற சாடிகள்?"

"வளவு முழுக்க. எப்பவும் தளும்பிக்கிட்டு இரிக்கும். மாசக்கணக்கா அசைக்கிறல்ல."

"மாசக்கணக்கா," என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "சிரட்டைகள்?"

"மலைபோலக் குவிஞ்சிருக்கு. நூத்துக்கணக்கில தென்னை நிண்டா சிரட்டைக்குக் குறைவா?"

தென்னை உண்மையில் நான்கு. மகளின் கல்யாணம் என்றால் நான்கு தென்னையைப் பெருக்கிச் சொல்லாத தகப்பன் எங்கே இருக்கிறான்?

"அந்த வீட்டை நான் பாக்கத்தான் வேணும்," என்றார் கோட்டுக்காரர்.

அழகரத்தினத்துக்குக் கண்ணகை சொன்னதெல்லாம் மறந்துவிட்டது.

"இப்பவே வாங்க. மத்தியானச் சோறும் அங்கதான்."

அந்தக் கணத்தில், ஸ்டேஷன் வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஏறாவூர் ஹமீட், கேட்காத தேத்தண்ணியோடு பாய்ந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"ஐயா, ஒரு சொல்லு," என்று அவரை வாங்குப் பக்கமாக இழுத்தார். "என்ன வேலை பாக்கிறீங்க, அழகரத்தினம் ஐயா? வீட்டுக்கு மட்டும் கூட்டிப் போகாதீங்க."

இதை ஹமீட்டிடம் எப்போது சொன்னோம் என்று அழகரத்தினம் ஒரு கணம் யோசித்தார். சொல்லியிருப்போம் என்று விட்டுவிட்டார்.

"அவரே கேக்கிறாரே, காக்கா."

"ஆர் எண்டு முதல்ல கேளுங்க."

திரும்பி வந்து கேட்டார். கோட்டுக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"நான் மலேரியா இன்ஸ்பெக்டர். காய்ச்சல் நாட்டை அள்ளிக்கொண்டு போய் இன்னும் ஈரம் காயேல்லை. அதுக்குள்ள கிணத்தைத் திறந்து, சாடியை நிரப்பி, சிரட்டையைக் குவிச்சு நுளம்பு வளர்க்கிற ஒரு மனிசன். அவனைக் கோட்டில ஏத்திப்போட்டுத்தான் மறுவேலை. சொன்னதுக்கு நன்றி. உங்கட பேர்?"

"வல்லிபுரம்," என்றார் அழகரத்தினம்.

"அந்த வீட்டைக் காட்டுறீங்களோ, வல்லிபுரம்?"

"எனக்கு அவரோட கதை பேச்சில்லை."

இன்ஸ்பெக்டர் தனியாகவே நடந்தார். கோட்டைமுனைப் பக்கம். நேராக. வழியில் ஒரு வாளியைக் கண்டு காலால் கவிழ்த்துவிட்டுப் போனார்.

"ஹமீட் காக்கா," என்றார் அழகரத்தினம். குரலில் காற்றுத்தான் இருந்தது. "நான் வீட்ட ஓடணும்."

"நீங்க ஓடினா வல்லிபுரம் எப்பிடி அந்த வீட்டுக்கு வந்தான் எண்டு கேப்பார். இரிங்க. நான் சைக்கிள்ல குறுக்கால போய் அம்மாட்டச் சொல்லிட்டு வாறன்."

ஹமீட் போய்விட்டார். அழகரத்தினம் வாங்கில் விழுந்தார். அப்போதுதான் வாங்கின் மறுமுனையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பேரை ஏன் மாத்தினீங்க?"

திரும்பினார். மெலிந்த ஒருவர், மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பெட்டி இல்லை. பை இல்லை. கூட்டிப்போக ஆளும் வரவில்லை. கோழிக்கூடைக்குப் பின்னால் இறங்கியவராக இருக்கவேண்டும். இவ்வளவு நேரமும் இந்த மனிதர் இங்கேயே இருந்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"கோச்சியில வந்தீங்களா?"

"ஓம்."

"என்ன அலுவலா?"

"அலுவல் ஒண்டுமில்ல. சும்மா, ஆக்களைப் பாக்க வந்தன்."

"எந்த ஆக்களை?"

"எல்லாரையும்தான். ஆனா இப்ப உங்களைத்தான் பாத்துக்கிட்டு இரிக்கன்."

அழகரத்தினத்துக்குப் பளிச்சென்று விளங்கியது. தாய்மாமன் இவர். விசாரிக்க வந்த இடத்தில், பெண்ணின் தகப்பன் பெயரைப் பொய் சொல்வதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

"பேர் மாத்தினது சும்மா பகிடிக்கு," என்றார். "அவர் என்ட பழைய கூட்டாளி."

"பழைய கூட்டாளிக்கு உங்கட பேர் தெரியாதா?"

"மறதிக்காரர்."

"மறதிக்காரரை மலேரியாவுக்கு இன்ஸ்பெக்டராப் போட்டிருக்காங்களா?"

ஒவ்வொரு பதிலும் குழியை ஒரு முழம் ஆழமாக்கியது. மெலிந்தவர் தலையைச் சாய்த்து அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை அழகரத்தினத்துக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவருடைய சொந்தப் பார்வை.

"சொல்லட்டா? சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருக்கு. கையில பொம்பிளையள் பிடிக்கிற குடை. நீங்க பெண்சாதியோட கோவிச்சுக்கிட்டு வந்திட்டீங்க. பின்னேரக் கோச்சியில ஏறி ஊரை விட்டே போகப் போறீங்க. அதுக்குத்தான் பேரை மாத்தினது."

"ஐயையோ, இல்ல. குடையை அவதான் எடுத்துத் தந்தவ. போயிட்டு வாங்க எண்டு வாசல் வரைக்கும் வந்து அனுப்பினவ."

"பெண்சாதி தானே குடை எடுத்துக் குடுத்தவவா?" மெலிந்தவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீங்க ஓடி வரல்ல. அவதான் உங்களை வெளியில அனுப்பியிருக்கா."

எவ்வளவு தவறான கணிப்பு. அழகரத்தினத்துக்கு நாக்கு அரித்தது. இந்த மனிதரைப் பற்றி அவரும் பார்த்து வைத்திருந்தார்: செருப்பு புதிது, நடையோ பழக்கமில்லாதது, அடிக்கடி வலது தோளைத் தடவுகிறார், கரையோரத்துப் புகையிலை வாசம் வீசுகிறது. வீட்டில் மருமகன் இவரை மதிப்பதில்லை. அது நெற்றியிலேயே எழுதியிருந்தது. சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

நேசம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கிரான் அம்மாள் படியிறங்கிப் போனபோது அவள் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற நிலை.

அழகரத்தினம் சொல்லை விழுங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக.

"நீங்க சொன்னா சரியாத்தான் இரிக்கும்," என்றார்.

மெலிந்தவரின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் கனகசிங்கம். வாழைச்சேனைத் தபால் கந்தோர்ல இருந்து பென்சன் எடுத்தனான். எங்கட ஸ்டேஷன்ல இறங்கிற முகமெல்லாம் பாத்துப் புளிச்சுப் போச்சு. இவடம் பெரிய ஸ்டேஷன் எண்டு வந்தன்."

கொழும்புக்காரர் எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார் என்று அழகரத்தினம் வியந்தார்.

ஹமீட் வியர்த்து வழியத் திரும்பி வந்தார். அழகரத்தினத்தைப் பார்த்து, கவலை வேண்டாம் என்பதுபோல் கை காட்டினார். பிறகு கனகசிங்கத்தைப் பார்த்தார். அழகரத்தினம் கண்ணாலேயே, 'இவர்தான்' என்றார். ஹமீட்டின் முகத்தில் பெரிய நிம்மதி பரவியது.

"அப்ப இவரை விட்டிராதீங்க, ஐயா. கோச்சி போகுமட்டும் கூடவே இரிங்க. ரெண்டு பேருக்கும் என்ட ஊட்டுச் சோறு வருது. இறால் கறி."

பிறகு நடந்தது அழகரத்தினமே எதிர்பாராதது. சந்தோஷமாகப் பொழுது போனது. கூட்ஸ் வண்டியில் வந்த கொம்பு முளைத்த எருமைக்கும் அதை ஓட்டி வந்தவனுக்கும் யார் எஜமான் என்று இருவரும் வாதிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரை டிக்கட் வாசலில் தொப்பியைத் தேடினார். அது அவருடைய தலையிலேயே இருந்தது என்பதை இருவரும் ஒரே நேரத்தில் கண்டு, ஒருவர் தொடையை ஒருவர் தட்டினார்கள். இளம் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வந்து, அழுகை நின்றதும் கண்ணாடி எடுத்துப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி அழுதாள்.

"தாய் வீட்டுக்குப் போறா," என்றார் கனகசிங்கம்.

தாய் வீட்டிலிருந்து வருகிறாள் என்பது அழகரத்தினத்துக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. தாய் வீட்டை விட்டு வருகிறவள்தான் இந்த ஊரில் அழுவாள்.

"ஓம். தாய் வீட்டுக்குத்தான்," என்றார்.

இடையிடையே, யாருடையது என்று சொல்லாமல், ஒரு பெண்பிள்ளையைப் பற்றியும் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைத்தார்: அடக்கம், கைவேலை, அவள் கையால் வைக்கும் மீன் குழம்பு. கனகசிங்கம் இறாலை உரித்துக்கொண்டே தலையாட்டினார். ஒவ்வொரு ஆட்டலையும் அழகரத்தினம் மனதுக்குள் பந்தலுக்கு ஒரு காலாக நட்டார்.

பின்னேர ரயில் ஊதியது. கனகசிங்கம் படியில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு நாளில நான் சொன்னதை மறுத்துக் கதைக்காத ஒரு மனிசனை இப்பதான் காணுறன். உங்களோட சம்பந்தம் வைக்கிறவங்க குடுத்து வைச்சவங்க."

ரயில் போனபின்பும் அழகரத்தினம் அந்த இடத்திலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது. சம்பந்தம். அந்த வார்த்தையையே சொல்லிவிட்டார்.

கோட்டைமுனைக்குத் திரும்பும் வழியில், தெருவின் அந்தக் கோடியில் பெண்கள் குரவையிடும் சத்தம் கேட்டது. 'யாரோ வீட்டில் ஒரு பெண் பெரியபிள்ளையாகிவிட்டாள்,' என்று கணித்துக்கொண்டே நடந்தார். சற்றுப் பிறகு, பட்டுப் புடவை கட்டிய பெண்கள் சிலர் வாவிக்கரைப் பக்கம் போனார்கள். முன்னே ஒரு பெரிய அம்மாள். பின்னால் வெற்றுப் பெட்டிகளைச் சுமந்த மற்றவர்கள். 'மாமாங்கக் கோயிலுக்கு நேர்த்தி செலுத்த வந்தவர்கள்,' என்று ஒதுங்கி வழிவிட்டார். பெரிய அம்மாள் அவரை உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்று அது பழகிவிட்டது.

வளவு கூட்டித் தெளித்திருந்தது. சாடிகளெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஒரு சிரட்டைகூட இல்லை. விறாந்தையில் எருமைத் தயிர்ச் சட்டிகள் வரிசையாக இருந்தன. வெற்றிலை வட்டா நடுவில் பளபளத்தது. நேசம்மா நீலப் பட்டில் நின்றவள், அவரைக் கண்டதும் உள்ளே ஓடினாள்.

"முடிஞ்சுது," என்றாள் கண்ணகை. "பொடியன்ட அம்மாவும் ஆக்களும் தோணியில வந்து இறங்கிட்டாங்க, சொல்லாமக் கொள்ளாம. பிள்ளையைப் பிடிச்சுப் போச்சு. வெத்திலை மாத்தியாச்சு. ஆவணியில கல்யாணம்."

அழகரத்தினம் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மலேரியா இன்ஸ்பெக்டர்?"

"வந்தவர். விடியவே நான் சாடியெல்லாம் கழுவிக் கவுத்து, கிணத்துக்கும் கிடுகால மூடி போட்டிட்டனே. இப்பிடித் துப்புரவான வளவை எங்கயும் காணல்ல எண்டு சம்பந்தியம்மா காதில விழச் சொன்னார். வல்லிபுரம் எண்டு ஒரு பொய்க்காரனைத் தேடிக்கிட்டுப் போறார்."

அழகரத்தினம் நாற்காலியில் சாய்ந்தார். எல்லாம் அவருக்குத் துலங்கிவிட்டது.

"உனக்கு விளங்கல்ல, புள்ள. இது தானா நடக்கல்ல. தாய்மாமனை நான் கண்டுபிடிச்சிட்டன். காலையிலிருந்து கோச்சி ஏறுமட்டும் கூடவே இருந்தன். அவர் உடன ஆள் அனுப்பி, பெண்ணைப் பாத்து முடியுங்க எண்டு அக்காவுக்குச் சொல்லியிருக்கார். நான் ஸ்டேஷன்ல முடிச்சன். நீ வீட்டில வெத்திலை மாத்தினாய், அவ்வளவுதான்."

"ஓம், ஓம். எல்லாம் உங்கட கண்தான்," என்றாள் கண்ணகை, வட்டாவை எடுத்துக்கொண்டு குனிந்தபடியே.

வாசலில் காலடி கேட்டது. பழுகாமத்துத் தோணிக்காரர், முழங்கால்வரை நனைந்த சாரத்தோடு நின்றார்.

"பெரியம்மா வெத்திலைப் பையை விட்டிட்டு வந்திட்டாவாம்."

கண்ணகை பையை எடுக்க விரைந்தாள். ஆனால் அழகரத்தினம் முந்திக்கொண்டார். பையைத் தானே எடுத்துக் கொடுத்து, சம்பந்தி வீட்டு ஆள் என்ற மரியாதையோடு தோணிக்காரரின் தோளைத் தொட்டார்.

"போய்ச் சேந்ததும் மாப்பிள்ளையிட தாய்மாமனுக்கு நான் சுகம் கேட்டதாச் சொல்லுங்க."

உள்ளே வட்டா கீழே விழுந்து உருண்டது.

தோணிக்காரர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புரியாமல் அவரைப் பார்த்தார்.

"எந்தத் தாய்மாமன், ஐயா? மாப்பிள்ளையிட அம்மா அவங்க வீட்டில ஒத்தைப் பிள்ளை."